நர்ஸம்மாவின் இடுப்பு வலி

நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதும் குனிந்து படுக்கை மாற்றுவதும் நர்ஸம்மாவுக்கு அன்றாட வேலை. அவருடைய இடுப்பு வலியை யார் விசாரிக்கிறார்கள்?

பிலாட்டிஸ் என்றொரு தேகப் பயிற்சி உண்டு. ஜோசப் பிலாட்டிஸ் என்ற ஜெர்மானியர் வகுத்தது. 1914-ல் மூண்ட யுத்தத்தின்போது பிரிட்டிஷாரின் காவலில் இருந்த அவர், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்குக் கட்டிலிலேயே ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தாராம்!

ஓட்டமில்லை, குதியில்லை. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடியே இடுப்பை நிதானமாக உயர்த்தி இறக்க வேண்டும். முதுகைத் தாங்கும் தசைகள் நாளடைவில் உறுதிப்படும். இரவு டியூட்டி முடிந்து வருகிறவர் இணையம் வழியே வீட்டிலேயே கற்கலாம். ஒன்று மட்டும்: திரையில் தெரியும் ஆசிரியை கை வைத்துத் திருத்த முடியாது. ஆகவே, அவரும் உங்களைப் பார்த்துச் சொல்லித் தரும் வகுப்பே மேல். கால் மரத்துப் போகிறதா? முதலில் டாக்டரிடம் போங்கள். பாயை அப்புறம் விரிக்கலாம்.