கட்டணத்திற்கு முன் கணக்கு

ஓய்வு பெற்றவரின் சேமநிதி கைக்கு வருமுன்பே, அதைப் பெருக்க வழி கூறுவோர் வாசலுக்கு வந்துவிடுகின்றனர். "கடைக் கட்டடம் வாங்குங்கள், வாடகையில் வாழலாம், வாங்கும் வித்தையை நாங்கள் கற்பிக்கிறோம்" என்று அழைக்கும் பயிற்சி வகுப்புகளும் அவற்றுள் அடங்கும். கற்பது நன்றே. ஆயினும் ஆழமறியாமல் காலை விடலாகாது.

அமெரிக்காவில் நடந்ததொன்றைக் காண்போம். நியூயார்க்கில் 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'டிரம்ப் பல்கலைக்கழகம்' நிலம், கட்டடம் ஆகியவற்றில் பொருளீட்டும் முறையைக் கற்பிப்பதாகக் கூறிற்று. முதற் கூட்டம் இலவசம். அங்கே 1,495 டாலருக்கு மூன்று நாள் வகுப்பு விற்கப்பட்டது. அவ்வகுப்பிலோ 34,995 டாலர் வரையிலான தனிப்பயிற்சி விற்கப்பட்டது. உரிமமின்றிப் பல்கலைக்கழகம் எனும் பெயரைச் சூடலாகாதென மாநிலக் கல்வித்துறை 2005-லேயே எச்சரித்தும், 2010-இல்தான் பெயர் மாறிற்று. மாணவர்களும், 2013-இல் மாநில அட்டர்னி ஜெனரலும் வழக்குத் தொடுத்தனர். 2016 நவம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 2.5 கோடி டாலர் தந்து வழக்குகளைத் தீர்க்க எதிர்த்தரப்பு இணங்கிற்று.

ஒரு வகுப்பு அடுத்த வகுப்பை விற்கும் கடையாக இருப்பின், அங்கே பாடம் எது, விளம்பரம் எது? எனவே பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டறிவோம். ஆசிரியர் தாமே கட்டடம் வாங்கியவரா? அவருடைய வருவாய் வாடகையிலிருந்து வருகிறதா, நம் கட்டணத்திலிருந்தா? மொத்தச் செலவு எவ்வளவு? எந்நிலையில் பணம் திரும்பக் கிடைக்கும்? இவற்றுக்கு விடையை எழுத்தில் பெற வேண்டும். வென்றவர்களின் புகழுரை மட்டும் போதாது. நட்டமடைந்த ஒருவரோடும் பேச வேண்டும்.

பாடத்தின் தரத்தை அறிய ஒரு கணக்கே போதும். ஒரு கோடி ரூபாய் விலையுள்ள கட்டடம். கடைகள் யாவும் நிரம்பினால் ஆண்டு வாடகை 12 லட்சம் என்று கொள்வோம். காலியாகக் கிடக்கும் கடையால் 2 லட்சம் குறையும். வரி, பழுது, காப்பீடு, காவல் ஆகியவற்றுக்கு 2.5 லட்சம் போகும். எஞ்சுவது 7.5 லட்சம், விலையில் நூற்றுக்கு ஏழரை. வங்கிக் கடனுக்கு ஆண்டுத் தவணை 8 லட்சமாயின், 50,000 ரூபாயை நாமே கையிலிருந்து போட நேரும். வாடகையில் வாழ நினைத்தவர் வாடகைக்கே வட்டி கட்டும் நிலை இது. காலிக் கடையையும் தவணையையும் கூறாமல், 12 லட்சத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டும் வகுப்பு எத்துணை மலிவாயினும் விலை மிகுந்ததே. இக்கணக்கைக் கற்பிக்கும் நூல்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன.

"இன்று கட்டினால் பாதி விலை" என்ற குரலுக்கு மட்டும் ஒருபோதும் செவிசாய்க்க வேண்டாம். ஓட்டல் அறை போன்ற தற்காலிக இடங்களில் செய்த பல கொள்முதல்களை மூன்று வேலை நாட்களுக்குள் விலக்கிக்கொள்ள அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதி இடம் தருகிறது. அவ்விதியை நம் இல்லத்தில் நாமே இயற்றிக்கொள்வோம். படிவத்தை வீட்டிற்குக் கொண்டுவந்து, கணவனும் மனைவியும் மூன்று நாள் கலந்து பேசட்டும். அதுவரை பொறுக்காத ஆசிரியரிடம் கற்க வேண்டியது ஒன்றுமில்லை.