'முன்பு' யார், 'பின்பு' யார்?

ஊடகப் பாடம் நடத்தும் கல்லூரிகளில் தவறாமல் வரும் சடங்கு இது. ஐந்து பேர் கொண்ட குழு, ஒரு நிமிட விடியோ. நிஜ விளம்பரம் அல்ல, விளம்பரத்தைக் கிண்டல் செய்யும் போலி விளம்பரம். ஒரு காலத்தில் கேமரா வாடகைக்குப் பணம் திரட்டுவதிலேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். இப்போது கேமரா எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. தட்டுப்பாடு யோசனைக்குத்தான்.

தில்லியோ, புனேயோ, பெங்களூரோ, குழு கூடிய பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "சிவப்பழகு க்ரீம் பண்ணலாமே!" எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த கணம் எல்லோர் பார்வையும் அந்தக் குழுவிலேயே கறுப்பாக இருக்கும் பையன் மீது விழும். அவன்தான் 'முன்பு'. முகம் முழுக்க மைதா மாவை அப்பிக்கொண்டு வரும் 'பின்பு'வும் அவனே. அவனும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பான். வேறென்ன செய்வான்?

படம் திரையிடப்படும்போது வகுப்பு எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். க்ரீமைப் பார்த்து அல்ல. கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் சொல்லிவந்ததை இந்தக் குழு செலவில்லாமல் இன்னொரு முறை சொல்லியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனிகளே இன்று அதை அப்பட்டமாகச் சொல்ல முடியாது. நிறத்தின் காரணமாக ஒருவரைச் சோகமானவராக, வேலையிலோ கல்யாணத்திலோ தோற்றவராகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் நெறிமுறை வகுத்தது. 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் 'ஃபேர்' என்ற சொல்லை உதறிவிட்டு 'க்ளோ' ஆயிற்று. (உள்ளே இருக்கும் ஆசை பெயரோடு போய்விட்டதா என்பது வேறு விஷயம்.) தொழில்முறை விளம்பரக்காரர்கள் கைவிட வேண்டியிருந்த காட்சியை, அவர்களை விமர்சிக்கக் கிளம்பிய மாணவர்கள் ஆசையாகப் படமெடுக்கிறார்கள்.

இதற்காக க்ரீமை விட்டுவிட வேண்டியதில்லை. நம் விளம்பரங்களில் இதைவிடக் கேலிக்குத் தகுதியான சரக்கு குறைவு. கேலியின் முனையைத் திருப்பினால் போதும். முதல் வாரம், பெண் க்ரீம் பூசுகிறாள், பின்னால் ஒரு ட்யூப்லைட். இரண்டாவது வாரம், அதே பெண், அதே முகம், இரண்டு ட்யூப்லைட். நாலாவது வாரம் ஆறு ட்யூப்லைட் எரிகிறது, மாப்பிள்ளை வீட்டார் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு "என்ன ஒரு பிரகாசம்!" என்கிறார்கள். பெண் மட்டும் முதல் வாரம் இருந்தபடியே இருக்கிறாள். இதில் அசடு வழிவது யார் என்பதில் சந்தேகமே வராது. தவிர, 'முன்பு' படத்துக்கும் 'பின்பு' படத்துக்கும் இடையே விளக்கு செய்யும் வேலை என்ன என்பதையும் வகுப்பு தெரிந்துகொள்ளும். பாடத்திட்டத்தின் நோக்கமும் அதுதானே.

நடிப்பவர்கள் சிரிக்கக் கூடாது. மாணவர் படங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. நையாண்டி எடுபட வேண்டுமானால் அசல் விளம்பரத்தின் இலக்கணம் பிசகாமல் இருக்க வேண்டும்: பத்து விநாடியில் பிரச்சினை, வெள்ளைக் கோட்டு 'நிபுணர்', அம்புக்குறி பாயும் படம், கடைசியில் டப்பா. 1980-களில் தூர்தர்ஷனில் வந்த சர்ஃப் விளம்பரத்தின் லலிதாஜியை நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். அலிக் பதம்ஸீ உருவாக்கிய அந்தக் கண்டிப்பான குடும்பத் தலைவி, விலை கூடிய சோப்புத்தூளை வாங்குவதே சிக்கனம் என்று வாதாடினார். அந்தக் கண்டிப்பான முகத்தோடு ஒருவர் ஆறு ட்யூப்லைட்டின் சிக்கனத்தை விளக்கினால் அரங்கம் அதிரும்.

பொடி எழுத்தையும் மறக்க வேண்டாம். பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரம் எந்த மொழியில் பெருமையடிக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ம் வருட நெறிமுறைகள் கூறுகின்றன. அதை விசுவாசமாகப் பின்பற்றுங்கள். 'பலன்கள் வெளிச்சத்தைப் பொறுத்தது' என்ற வரி திரையில் வளர்ந்துகொண்டே போய்க் கடைசியில் டப்பாவையே மறைத்துவிடட்டும்.

நிஜப் பெயரைப் பயன்படுத்தலாமா? 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்பாட்டை அனுமதிக்கிறது; நையாண்டி என்ற சொல் அதில் இல்லை. டாடா சின்னத்தைக் கிண்டல் செய்த கிரீன்பீஸின் கணினி விளையாட்டுக்கு 2011-ல் தடை விதிக்க தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது உண்மை. ஆனால் கிரீன்பீஸுக்கு வக்கீல்கள் இருந்தார்கள். மூன்றாம் செமஸ்டர் மாணவருக்கு இருப்பது இன்டர்னல் மார்க் மட்டுமே. வகுப்புக்குள் காட்டுவது ஒன்று, இணையத்தில் ஏற்றுவது இன்னொன்று. பெயரைக் கற்பனையாக வைத்துக்கொள்வதே சுலபம். 2007-ல் வந்த என்சிஇஆர்டி ஏழாம் வகுப்புப் புத்தகமே விளம்பரத்தைப் பற்றிப் பாடம் நடத்த 'டாப் டேஸ்ட் தால்' என்று ஒரு பருப்பைக் கற்பனையாக உருவாக்கியது. ட்யூனும் சொந்தமாக இருக்கட்டும்.

ஆறு ட்யூப்லைட்டையும் ஒரே பிளக்கில் செருகும் முன் ஹாஸ்டல் வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.