மார்க்குப் போடும் யந்திரம்

பாடம் சொல்லவும், பரீட்சை வைக்கவும், மார்க்குப் போடவும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. "இனி வாத்தியாரே வேண்டாம்" என்று சிலர் குதூகலிக்கிறார்கள்; "படிப்பே பாழாயிற்று" என்று வேறு சிலர் அங்கலாய்க்கிறார்கள். இரு சாராரும் அவசரப்படுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம். அந்த யந்திரத்தை எந்த வேலைக்கு வைத்துக்கொள்கிறோம் என்பதையல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1920-களிலேயே அமெரிக்காவில், ஓஹியோ ராஜ்ய சர்வகலாசாலையின் மனோதத்துவப் பேராசிரியர் சிட்னி பிரெஸ்ஸி நான்கு விசைகள் கொண்ட ஒரு யந்திரம் செய்தார். சரியான விசையை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும்படி அதை அமைக்கலாம். 1953-ல் ஹார்வர்டு பேராசிரியர் ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். போட்ட கணக்கு சரியா, தப்பா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியாமல் இருப்பதைக் கண்டார். தாமும் ஒரு போதனா யந்திரம் செய்யத் தொடங்கினார். 1960-ல் இல்லினாய் சர்வகலாசாலையில் டொனால்டு பிட்ஸர், 'பிளேட்டோ' என்ற பெயரில் கம்ப்யூட்டரையே பாடம் நடத்த வைத்தார்.

இந்த மூன்று யந்திரங்களிலும் ஒரு நன்மை பொதுவானது. பிள்ளை தன் தவறை அப்போதைக்கப்போதே தெரிந்துகொள்ளலாம். நாலு நாள் கழித்துச் சிவப்பு மையில் வரும் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. 52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பையன் 26 என்று எழுதுகிறான். 'தப்பு' என்று அடித்துவிடுவது சுலபம். ஆனால் அவன் எப்படி 26-க்கு வந்தான்? எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு. ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்று அவனாக ஒரு விதி செய்துகொண்டிருக்கிறான்! கடன் வாங்க வேண்டிய கணக்கிலெல்லாம் இதே மாதிரிதான் தவறுவான். அவன் மூடனல்ல; அவன் பிடித்துக்கொண்ட விதிதான் தப்பு.

1978-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்டு பர்ட்டனும் இத்தகைய தவறுகளைத் திரட்டிக் கம்ப்யூட்டருக்குள் புகுத்தினார்கள். கம்ப்யூட்டர், தப்பான விதியை வைத்துக்கொண்டிருக்கும் மாணாக்கன் வேஷம் போடும். எதிரே இருப்பவர் கணக்குகளைக் கொடுத்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை வைத்து மேய்க்கும் வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளையின் தவறையும் இப்படித் துருவ நேரம் ஏது? அந்த உதவியை யந்திரம் செய்யட்டும். வரவேற்போம்.

ஆனால் அதே கம்ப்யூட்டரை நீதிபதி ஆசனத்தில் உட்கார வைத்தால்? 2020-ல் கொரோனா தொற்றினால் இங்கிலாந்தில் பள்ளியிறுதிப் பரீட்சைகள் ரத்தாயின. ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களுக்கு மதிப்பீடு கொடுத்தார்கள். அதை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லி, தேர்வுக் கட்டுப்பாட்டு அமைப்பு கம்ப்யூட்டர் சூத்திரம் ஒன்றைப் பிரயோகித்தது. அந்தந்தப் பள்ளியின் முந்தைய வருஷங்களின் தேர்ச்சியும் அதில் சேர்ந்திருந்தது. ஆகஸ்டு 13-ந் தேதி முடிவு வந்தபோது, ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகளில் ஏறக்குறைய 100-க்கு 40 குறைக்கப்பட்டிருந்தன. தேர்ச்சி குறைந்த பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை என்ன பாவம் செய்தது? மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்டு 17-ந் தேதி சூத்திரம் கைவிடப்பட்டது. ஆசிரியர் மதிப்பீடே செல்லும் என்றார்கள்.

கம்ப்யூட்டர் கூட்டலில் பிசகவில்லை. இட்ட கட்டளையை அப்படியே நிறைவேற்றியது. ஒரு பிள்ளையின் தலைவிதியை, அவன் எழுதாத பரீட்சையையும் அவன் அறியாத பழைய மாணவர்களையும் கொண்டு கணித்த கட்டளைதான் பிசகு.

ஆகவே யந்திரத்தைப் பள்ளிக்குள் விடுமுன் இரண்டு நிபந்தனைகள் விதிக்க வேண்டும். எந்த மார்க்கு வந்தாலும், 'ஏன் இப்படி?' என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும்; தவறாக வந்த மார்க்கைத் திருத்த அவருக்கு அதிகாரமும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த யந்திரமும் வெறும் முத்திரை குத்தும் கட்டைதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எங்கே தவறினாய், அப்பா?" என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் கண்டுபிடிக்க உதவும் யந்திரத்தைத் தாராளமாக வாங்கலாம்.