பனிமானும் பயணிகளும்

பின்லாந்தின் ரொவானியெமி. டிசம்பர் வந்தால் போதும், குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியே சாண்டா கிளாஸ் கிராமம். பனிச்சறுக்கு, நாய்வண்டி, பனிமான் சவாரி... பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். தப்பே இல்லை.

ஆனால் பனிமான் என்றால் சவாரி மட்டும்தானா? வடக்கே வாழும் சாமி மக்களில் (கோயில் சாமி இல்லை, ஓர் இனத்தின் பெயர்) பலருக்கு அதுதான் பரம்பரைத் தொழில். அவர்களுடைய உடையைச் சம்பந்தமே இல்லாதவர்கள் வேஷமாகப் போட்டுக்கொண்டு பயணிகளை மகிழ்விப்பதும் நடந்திருக்கிறது. அது அவமானம் இல்லையா? அதனால்தான் பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018-ல் சுற்றுலாவுக்கென்றே நெறிமுறைகளை வகுத்தது.

பிள்ளைகள் பனியில் ஆசை தீர விளையாடட்டும். கூடவே ஒரு நாள் இனாரி வரை போய், சாமி மக்களின் சீடா அருங்காட்சியகத்தையும் காட்டலாமே? வாங்கின பொம்மை உடைந்துபோகும். தெரிந்துகொண்டது அப்படியே நிற்கும்.