உடம்பு பழகிவிடாது

மாற்றுக் கிட்னி வைத்துக்கொண்டு வாழ்கிறவருக்குக் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கம் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. "வருஷம் ஒண்ணாச்சுல்லண்ணே, உடம்பு ஏத்துக்கிச்சு. இனி எதுக்கு அந்த மாத்திரை? எதிர்ப்புச் சக்தியையே அடிச்சுடுமாமே!" டீக்கடையில் இதைச் சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அதை நம்பி மாத்திரையை விட்டவருக்குத்தான் மறுபடி டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க நேர்கிறது. இந்தப் பேச்சில் பல கூற்றுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

நாளானால் உடம்பு பழகிவிடும் என்பது முதல் கூற்று. பழகாது. நம் வெள்ளையணுக்களில் டி செல்கள் என்றொரு வகை உண்டு. செல்களின் மேற்பரப்பில் இருக்கும் எச்.எல்.ஏ. என்ற புரத அடையாளங்களைப் பார்த்து நம்முடையதா, அயலானதா என்று சோதிப்பதே அவற்றின் வேலை. பத்து வருஷம் ஆனாலும் அந்தக் கிட்னியின் எச்.எல்.ஏ. கொடுத்தவருடையதாகவே இருக்கும், பெற்றவருடையதாக மாறாது. கிட்னி மாற்றியவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரை டி செல்லுக்குள் போய் கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுக்கிறது. அதனால் டி செல்களைப் பெருக வைக்கும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் போதிய அளவு சுரப்பதில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கினால் அந்தப் புரதம் மறுபடி சுரக்கும். வருஷக் கணக்காக ஒன்றும் ஆகாமல் இருந்தது உடம்பு சமாதானமானதால் அல்ல, மாத்திரை வேலை செய்ததால்.

"நிறுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர்களும் இருக்கிறார்கள். உடம்பு மாற்றுக் கிட்னியைத் தாக்கும் இந்த நிராகரிப்பு பெரும்பாலும் வலிக்காது, காய்ச்சலும் வராது. கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருப்பது ரிப்போர்ட்டில் தெரியும்போது கிட்னியின் கணிசமான பகுதி போயிருக்கும். விட்டு விட்டுச் சாப்பிடுகிறவருக்கு, கொடையாளியின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடிகள் மெல்ல உருவாகும். ஒருமுறை உருவானால் அவற்றை விரட்டுவது மிகக் கடினம்.

அண்ணன் தம்பி கிட்னி என்றால் மருந்தே வேண்டாம் என்பதற்கும் ஒரு வேர் உண்டு. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றில் இப்படிப்பட்ட மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர். அம்மா கொடுத்தால் எச்.எல்.ஏ. பாதி பொருந்துவது மட்டுமே உறுதி. உடன்பிறந்தவரோடு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பொருந்தினாலும் மருந்து வேண்டும். கல்லீரல் பெற்றவர்களில் சிலருக்கு, தேர்ந்தெடுத்து, மருத்துவர் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாக விலக்க முடிந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கிட்னிக்காரர் தானாகவே மாத்திரையை விடுவது வம்பு.

அடுத்தது, எதிர்ப்புச் சக்தியைக் கொல்லும் மருந்து என்ற பயம். கொல்வதில்லை, குறைக்கிறது. முதல் சில மாதங்களில் அளவு அதிகம், பிறகு குறைத்துக்கொண்டே வருவார்கள். விலை இல்லாமல் இல்லை. டாக்ரோலிமஸால் கை நடுங்கலாம், சர்க்கரை வரலாம், அளவு மீறினால் அதே மருந்து கிட்னியையே கெடுக்கும். ஸ்டீராய்டால் முகம் உப்பும். கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு மைக்கோபினோலேட் என்ற இன்னொரு மாத்திரை ஆகவே ஆகாது. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் மறைத்துவிட்டு மருந்துக்கு வக்காலத்து வாங்குவதில் அர்த்தமில்லை. மருந்து கூடாமலும் குறையாமலும் இருக்கத்தான் ரத்தத்தில் அதன் லெவல் பார்ப்பது. இங்கேயும் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. காலை மாத்திரையை விழுங்காமல் கையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறும்போதே பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டால் லெவல் பொய்யாக எகிறி நிற்கும். அதை நம்பி டாக்டர் அளவைக் குறைத்தால் வினை.

பயத்துக்கு மாற்றாக நீட்டப்படுவது கசாயம். எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி, லேகியம், சீந்தில் மாத்திரை என்று கொரோனா காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு புழங்குகிறது. குறைக்கவே ஒரு மருந்து சாப்பிடுகிறவர், கூட்டுவதாகச் சொல்லி விற்பதை ஏன் குடிக்க வேண்டும்? "அது இயற்கை, இது கெமிக்கல்" என்பார்கள். இதே வகை மருந்தான சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து. அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் சுரேந்திர நாத் சேகல் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவர். இயற்கை என்பதுதான் தகுதி என்றால் இவற்றுக்கும் அது உண்டு. பம்ப்ளிமாஸும் இயற்கைதான், டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் லெவலை ஏற்றிவிடக்கூடியது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக லெவலை அடியோடு இறக்கிவிடும். காசநோய் மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கிட்னி மாற்றியவர் என்று முதலிலேயே சொன்னால் அதற்கேற்ப மருந்தையோ அளவையோ மாற்றுவார்கள். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் கிட்னிக்கு ஆகாது.

படித்தவர்கள் சொல்லும் கூற்று வேறு: இந்த மருந்து வந்ததால்தான் கிட்னி வியாபாரமே வந்தது. பாதி உண்மை. வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் வெற்றிகரமான மாற்று நடந்தபோது ரத்த சொந்தத்தின் கிட்னிதான் நம்பிக்கைக்குரியதாக இருந்தது. எண்பதுகளில் சைக்ளோஸ்போரின் பரவியதும் முன்பின் தெரியாதவர் கிட்னியும் நிற்க ஆரம்பித்தது. புரோக்கர்கள் சென்னை வில்லிவாக்கத்துக்குள் நுழைந்தார்கள். ஊருக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயரே வந்தது. 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் பல பெண்கள் கிட்னி விற்றிருந்தது 2007 ஜனவரியில் வெளியே வந்தது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரை, 96 சதவீதம் பேர் கடனடைக்கவே விற்றதாகவும், விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகவும் சொல்கிறது. குற்றவாளி மருந்து அல்ல; கடனும் புரோக்கரும் கண்டும் காணாமல் இருந்தவர்களும்தான். அதே மருந்து இல்லாவிட்டால் 2008இல் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் பெற்றோர் கொடுத்த உறுப்புகளும் யாருக்கும் பயன்பட்டிருக்காது. இறந்தவர் உறுப்பு பெரும்பாலும் அந்நியருடையதுதானே.

காசு உள்ளவர்களுக்கான மருந்து என்ற கூற்றுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் மாற்று செய்துகொண்டவர்களுக்கு இந்த மாத்திரைகள் இலவசம். வெளியே வாங்குகிறவர்கள் கடைக்காரர் சொன்னார் என்று மருந்துக் கம்பெனியை மாற்றக் கூடாது. மாற்றினால் லெவல் பார்த்தாக வேண்டும்.

கடைசியாக, இந்த மாத்திரை சாப்பிடுகிறவனுக்குக் கம்பெனி வேலை ஒத்து வராது என்பது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் வேலை கொடுப்பவர். புதுக் கிட்னி அடிவயிற்றில், தோலுக்கு அருகே இருக்கிறது. அங்கே இடி படக் கூடாது. முதல் சில மாதம் கனம் தூக்கக் கூடாது. ஃபர்னஸ் பக்கம் நிறுத்தி வியர்த்து நீர் வற்றவிட்டால் கிரியேட்டினின் ஏறும். பேக்கிங், ஸ்டோர், தர சோதனை என்று வேறு இடத்தில் நிறுத்தலாமே. ஷிஃப்ட்தான் உண்மையான சிக்கல். மாத்திரைக்கு இடையே பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று வைத்தால் ஆறு மணி ஷிஃப்டிலும் ஒரு வேளை உள்ளே மாட்டும், இரண்டு மணி ஷிஃப்டிலும் மாட்டும். வாரா வாரம் ஷிஃப்டுக்குத் தக்கபடி நேரத்தை நகர்த்தாமல், மாத்திரையை உள்ளே கொண்டுபோக அனுமதி கேட்பதே சரி. அதற்கு சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகுமோ என்று ஒளிப்பவர்தான் வேளை தவறுகிறார்.

செக்கப் நாளும் அப்படித்தான். இ.எஸ்.ஐ. நோய்ப்படியில் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் கணக்கில் போய்விடும். ஒரே ஒரு நாள் சென்னை போய் வருகிற தொழிலாளிக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது; காண்ட்ராக்ட் ஆள் என்றால் அன்றைய கூலியும் போச்சு. அந்த ஒரு நாள் கூலியைக் கொடுக்க ஒப்புக்கொள்ளாத காண்ட்ராக்டர், மருந்தின் பக்கவிளைவைப் பற்றிப் பேசத் தேவையில்லை.