சீட்டுக்காசும் யூரோக்காசும்



புதிதாக லண்டன் வந்த குடும்பங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. "பாரிசிலை தம்பிக்கு யூரோவிலை சம்பளம், ஜேர்மனியிலை அக்காவுக்கும் யூரோதான். இங்கை மட்டும் ஏன் பவுண்?" நான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலை வேலைக்குப் போனவன், பொருளியல் படித்தவனல்ல. ஆனால் சீட்டுக் கட்டிய எவருக்கும் இது விளங்கும்.

இருபது பேர் சீட்டுக் கட்டுகிறோம். ஒருவர் கட்டாமல் விட்டால் மற்றப் பத்தொன்பது பேருக்கும் இடி. அதனால்தான் தாச்சியும் ஒழுங்கும் வேண்டியிருக்கிறது. பல நாடுகள் ஒரே நாணயத்தைப் பாவிப்பதும் இப்படித்தான். ஓர் அரசு அளவுக்கு மிஞ்சிக் கடன்பட்டால் அந்த நாணயத்தைப் பாவிக்கிற எல்லோருக்கும் நெருக்கடி.

இதற்காகவே 1992 பெப்ரவரி 7 இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஒப்பமிட்ட உடன்படிக்கையோடு இரண்டு வரம்புகளை வைத்தார்கள். அரசின் வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழும் தொகை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது. மொத்தக் கடன் 60 வீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது அதை நோக்கி இறங்க வேண்டும். மீறுகிற யூரோ நாடுகளுக்குத் தண்டப்பணம் என்று 1997 இல் இன்னுமோர் ஒப்பந்தம் வந்தது. அதை நெருக்கிக் கேட்டது ஜேர்மனி.

பிரித்தானியாவும் மாஸ்ட்ரிக்டில் ஒப்பமிட்டது. ஆனால் பொது நாணயத்தில் சேரும் கட்டாயம் தனக்கில்லை என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டது. அப்போது பவுணின் பெறுமதி மற்ற ஐரோப்பிய நாணயங்களோடு கட்டப்பட்டிருந்தது. 1992 செப்டெம்பர் 16 இல் அந்தக் கட்டைக் காப்பாற்ற, அரசு வட்டி வீதத்தை 10 இலிருந்து 12 ஆக்கி, மறுநாள் 15 என்றும் அறிவித்தது. அன்று பின்னேரமே தாக்குப்பிடிக்க முடியாமல் விலகியது. 1999 இல் 11 நாடுகள் யூரோவைத் தொடங்கியபோது பிரித்தானியா வெளியே நின்றது. 2020 இல் ஒன்றியத்தை விட்டே போய்விட்டது.

சரி, சீட்டில் ஒழுங்கு நடந்ததா? 2003 இல் பெரிய பங்குகாரர்களான ஜேர்மனியும் பிரான்சுமே 3 வீதத்தைத் தாண்டி நின்றன. நவம்பரில் நிதி அமைச்சர்கள் கூடி, இருவர் மீதும் நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். ஐரோப்பிய ஆணைக்குழு வழக்குப் போட்டது. 2004 யூலையில் லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அமைச்சர்களின் முடிவு செல்லாது என்றது. ஆனாலும் தண்டப்பணம் ஒரு சதமும் கட்டப்படவில்லை. 2005 இல் சட்டத்தையே தளர்த்தினார்கள்.

அடுத்தது கிரேக்கம். சொன்ன கணக்கை விட உண்மையான பற்றாக்குறை மிகப் பெரிது என்பது 2009 இல் வெளிவந்தது. கணக்கை மறைத்தது பிழைதான். 2010 மே மாதத்தில் 110 பில்லியன் யூரோ கடன் கொடுத்தார்கள். பதிலுக்கு ஓய்வூதியமும் சம்பளமும் வெட்டப்பட்டன, வரி ஏறியது. 2015 கோடையில் வங்கிகள் பூட்டப்பட்டு, காசு இயந்திரத்தில் ஒருவர் நாளுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்ற நிலை வந்தது. கணக்கை எழுதியவர்கள் ஒருபக்கம், வரிசையில் நின்ற கிழவர்கள் இன்னொருபக்கம்.

பிறகு 2011 இல் சட்டத்தை இறுக்கினார்கள். முன்பு தண்டிக்கப் பெரும்பான்மை தேவை. இப்போது தண்டனையைத் தடுக்கத்தான் பெரும்பான்மை தேவை. அப்படியிருந்தும் 2016 இல் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் தண்டத்தைப் பூச்சியமாக்கி விட்டுவிட்டார்கள். 2024 யூலையில் பிரான்ஸ் மீது மறுபடியும் பற்றாக்குறை நடவடிக்கை தொடங்கியது.

இது எங்களுக்கு எதற்கு? பாரிசிலுள்ள உறவுகளின் உதவிப்பணம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வரவு செலவுக்குள்தான் அடங்கும். பிரெஞ்சுப் பிரசையாகும்வரை அவர்களுக்கு அங்கே வாக்கில்லை. இங்கே எங்கள் செலவைத் தீர்மானிப்பது வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், இங்கே தங்க அனுமதியுள்ள 18 வயது நிரம்பிய எம்மவர், பிரித்தானியப் பிரசையாகாமலே வாக்காளர் இடாப்பில் பதிந்து வாக்களிக்கலாம். சீட்டில் பங்கு இருக்கிறவர் கணக்குக் கேட்கப் பின்னிற்பதில்லை. உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று இந்தக் கிழமையே உள்ளூராட்சிச் சபையில் விசாரித்துப் பாருங்கள்.