விமானம் ஏறும் முன் ஒரு கணக்கு!
கம்பத்திலிருந்து தாவோவுக்கு டாக்டர் படிப்பு

“என் பிள்ளை டாக்டர் ஆக வேண்டும்!”

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ஆசை இல்லாத வீடு குறைவு. ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே! க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 100 பேர்தான் சேர முடியும். “நீட்” மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் அரசு இடம் கை நழுவிவிடும். தனியார் கல்லூரிக் கட்டணமோ, திராட்சைத் தோட்டமும் வாழைத் தோட்டமும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு எட்டாத உயரம்.

ஆகவே பலர் வெளிநாட்டின் பக்கம் திரும்புகிறார்கள். அப்படித் தமிழ் மாணவர்கள் போகும் ஊர்களில் ஒன்று தாவோ. பிலிப்பைன்ஸ் நாட்டில் மிண்டனாவ் தீவிலுள்ள பெரிய நகரம் அது.

முதல் நாட்கள்

கம்பத்திலிருந்து ஒரு மாணவி அங்கே போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நாள் எப்படி இருக்கும்?

விமானத்தை விட்டு இறங்கியதும் முகத்தில் புழுக்கம் அடிக்கும். தாவோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடை, குளிர் என்ற பேதம் அங்கே இல்லை. ஆண்டு முழுவதும் வெயில். ஆண்டு முழுவதும் மழை. மேகமலையிலிருந்து இறங்கும் சில்லென்ற காற்றை அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆனால் ஓர் ஆச்சரியம்! நகரத்துக்கு வெளியே போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வாழைத் தோட்டம்! பல நாடுகளுக்கு வாழைப்பழம் அனுப்பும் ஊர் அது. சின்னமனூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று அவளுக்கே ஒரு நிமிடம் தோன்றும்.

காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அங்கே சோறுதான். புளி கரைத்த “சினிகாங்” என்ற குழம்பும் உண்டு. ஆனால் அதில் பன்றி இறைச்சியோ மீனோ கிடக்கும். மரக்கறி உண்பவர்கள் சிரமப்படுவார்கள். கம்பம், உத்தமபாளையத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் ஹலால் கடையைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தீவில் முஸ்லிம்கள் ஏராளமாக வாழ்வதால், தேடினால் கிடைக்கும்.

“ஜீப்னி” என்ற வண்டியில் ஏறினால், காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய்ச் சேரும். “பாரா” என்றால் வண்டி நிற்கும். முன்பின் தெரியாதவரையும் “குயா” (அண்ணன்), “ஆத்தே” (அக்கா) என்றுதான் அழைப்பார்கள். நம் ஊர் வழக்கம் போலவே இல்லையா?

கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளி “பிசாயா” மொழியில்தான் வலியைச் சொல்லுவார். அதையும் கற்க வேண்டும்.

இரவு வந்தால் வீட்டு நினைவு வரும். அங்கே மணி எட்டரை என்றால் இங்கே ஆறு. அம்மா விளக்கேற்றும் நேரம்! போனில் குரல் கேட்டதும் கண்ணீர் வரும்.

பெற்றோர்கள் இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. சாப்பாடும் பழகும், மொழியும் பழகும். ஆனால் பழகிப் போகாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதுதான் சட்டம்!

ஆறு மாதக் குறை

இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-ந் தேதி ஒரு விதி கொண்டுவந்தது. வெளிநாட்டில் படிப்பவர்கள் ஒரே கல்லூரியில் குறைந்தது 54 மாதம் படித்திருக்க வேண்டும். பிறகு அங்கேயே 12 மாதம் பயிற்சி பெற வேண்டும். அந்த நாட்டு மக்களைப் போல அங்கே வைத்தியம் செய்யும் உரிமமும் பெறத் தகுதி வேண்டும்.

பிலிப்பைன்சில் வெகு காலமாக உள்ள “எம்.டி.” படிப்பு நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம். அதற்கு முன் “பி.எஸ்.” என்று ஒரு படிப்பு உண்டு. ஆனால் அதை மருத்துவப் படிப்பாக ஏற்க முடியாது என்று ஆணையம் கூறிவிட்டது. குறைவது 6 மாதம்தான். ஆனால் அந்த 6 மாதம் பல குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்தது!

உரிம விஷயத்திலும் சிக்கல் உண்டு. அந்நாட்டின் 1959-ம் ஆண்டு மருத்துவச் சட்டம், பிலிப்பைன்ஸ் டாக்டர்களுக்கு இடம் தரும் நாட்டைச் சேர்ந்த அந்நியருக்கே உரிமத் தேர்வு எழுத வழி விட்டது.

“பிடிக்காவிட்டால் பாதியில் வேறு கல்லூரிக்கு மாறலாம்” என்று சில ஏஜெண்டுகள் சொல்வதுண்டு. படிப்பு முழுவதும் ஒரே கல்லூரியில் நடக்க வேண்டும் என்கிறது விதி. மாறினால் படித்த ஆண்டுகள் வீண்!

எத்தனை ஆண்டு?

கணக்குப் போடுவோம். படிப்பு 54 மாதம். அங்கே பயிற்சி 12 மாதம். ஊர் திரும்பிய பின் இங்கேயும் 12 மாதப் பயிற்சி. ஆக மொத்தம் 78 மாதம், ஆறரை ஆண்டு!

இடையே தகுதித் தேர்வு ஒன்று உண்டு. 300 மதிப்பெண்ணில் 150 எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் எல்லா நாடுகளிலும் படித்துவிட்டு வந்து இதை எழுதியவர்களில், நான்கு பேருக்கு ஒருவர் தேறுவதே பெரும்பாடாக இருந்திருக்கிறது.

நாலு கேள்வி

முன்பணம் கட்டும் முன் பெற்றோர்கள் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

1. இந்தக் கல்லூரியில் மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாதம்?

2. பயிற்சி அதே கல்லூரியில் உண்டா?

3. இந்திய மாணவருக்கு அங்கே உரிமம் கிடைக்குமா?

4. சென்ற ஆண்டுகளில் இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் நம் நாட்டுத் தகுதித் தேர்வில் தேறினார்கள்?

பதிலை வாய்ச் சொல்லாக வாங்காதீர்கள். கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். ஆணையத்தின் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் படித்த பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். “நீட்” தேறாமலும் போகலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து விடுங்கள்!

வங்கிக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பது வழக்கம். ஈடாகப் போவது பெரும்பாலும் தாத்தா காலத்துத் தோட்டம். தோட்டத்தின் பத்திரத்தை எடுக்கும் முன், இந்த நாலு பதிலும் கைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டதா? அப்படியானால் பிள்ளையைத் தைரியமாக அனுப்புங்கள். முதல் பத்து நாள் அழட்டும். பதினோராவது நாள் புத்தகத்தை எடுத்துவிடுவாள்!